ஓஆர்எஸ் பொட்டலத்தில் சர்க்கரை எதற்கு? உப்புத் தண்ணீர் போதாதா?

வடிகஞ்சி
ஜூன் 11, காலை 7.42

பேதியில போறது தண்ணியும் உப்பும்தான். அப்போ உப்புத் தண்ணி குடிச்சா கணக்கு நேராயிடணும். ஆனா ஓஆர்எஸ் பொட்டலத்தை எடுத்துப் பாத்தா 20.5 கிராமில் 13.5 கிராம் குளுக்கோஸ். ருசிக்கா, தெம்புக்கா? எதுக்கா இருந்தாலும், சுகர் இருக்கிறவங்களுக்கு அதை விட்டுட்டு உப்பும் எலுமிச்சையும் மட்டும் கலந்து கொடுக்கலாம்னு சொல்றேன். தப்புன்னா காரணத்தோட சொல்லுங்க. "டாக்டர் அப்படித்தான் சொன்னார்" வேண்டாம்.

சவ்வுக்காரன்
ஜூன் 11, காலை 9.20

தப்பு. ருசிக்கும் இல்லை, தெம்புக்கும் இல்லை. 13.5 கிராம் குளுக்கோஸில் கிடைப்பது 54 கிலோகலோரி, அதை வைத்து என்ன தெம்பு வரும்? அது இருப்பது சோடியத்தை உள்ளே அழைத்துப் போக.

சிறுகுடல் செல்லின் உணவுப்பாதைப் பக்கச் சவ்வில் எஸ்ஜிஎல்டி1 என்றொரு கடத்திப் புரதம் இருக்கிறது. அது ஒரு தடவை புரள 2 சோடியம் அயனியும் 1 குளுக்கோஸும் வேண்டும். அதிலும் வரிசை உண்டு. முதலில் சோடியம் ஒட்டும். ஒட்டினால்தான் குளுக்கோஸ் உட்காரும் இடம் வாகாகத் திறக்கும். குளுக்கோஸ் உட்கார்ந்ததும் வெளிவாசல் மூடி உள்வாசல் திறக்கும், மூன்றும் செல்லுக்குள் போய்விடும், காலிப் புரதம் மறுபடி வெளிப்பக்கம் திரும்பும். இரண்டு வாசலும் ஒருசேரத் திறந்து கிடக்கும் நேரமே கிடையாது. அதனால்தான் இதைக் கடத்தி என்கிறோம், கால்வாய் என்பதில்லை. கால்வாய்ப் புரதம் திறந்துவிட்டால் நொடிக்கு லட்சக்கணக்கில் அயனி பாயும். கடத்திக்கு ஒவ்வொரு சுமைக்கும் ஒரு புரளல்.

உள்ளே வந்த குளுக்கோஸ் ரத்தப் பக்கச் சவ்வில் இருக்கும் குளூட்2 என்ற இன்னொரு கடத்தி வழியாகச் சரிவில் இறங்கிப் போகும். சோடியத்தை அதே பக்கத்தில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு தள்ளும்: 1 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவில் 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. கரைபொருள் அந்தப் பக்கம் சேரச் சேரத் தண்ணீரும் சவ்வூடுபரவலில் பின்னாலேயே போகிறது.

வெறும் உப்பு ஏன் போதாது? நல்ல குடலில் சோடியத்துக்கு வேறு கதவும் உண்டு. என்ஹெச்ஈ3 என்று பெயர், ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே விட்டு ஒரு சோடியத்தை உள்ளே எடுக்கும். காலரா மாதிரிப் பேதியில் முடக்கப்படுவது சரியாக அந்தக் கதவுதான். எஸ்ஜிஎல்டி1 மட்டும் தப்பிவிடுகிறது. குளுக்கோஸ் இல்லாமல் குடித்த உப்பு குடலிலேயே கிடந்து, தன் பங்குக்குத் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிளஸ்டூ பயாலஜி
ஜூன் 11, மாலை 6.05

சார், ஒரு சந்தேகம். செயல்மிகு கடத்தல்னா, அதாவது செறிவுச் சரிவுக்கு எதிரா ஏத்தறதுக்கு, ஏடிபி வேணும்னு பாடத்தில் இருக்கு. எஸ்ஜிஎல்டி1 ஏடிபியைத் தொடவே இல்லையே?

சவ்வுக்காரன்
ஜூன் 11, இரவு 8.31

தொடாது. செலவு வேறு இடத்தில் நடக்கிறது. பம்பு செல்லுக்குள் சோடியத்தை லிட்டருக்கு 12 மி.மோல் (துகள் எண்ணிக்கையின் அலகு) அளவுக்கு இறக்கி வைக்கிறது, வெளியே 140. அந்தச் சரிவில் உருண்டு வரும் சோடியம் குளுக்கோஸை மேட்டில் இழுத்து வருகிறது. இரண்டாம் நிலை செயல்மிகு கடத்தல் என்பார்கள். ஒரு குளுக்கோஸுக்கு 2 சோடியம், 3 சோடியத்தைத் தள்ள 1 ஏடிபி, ஆக ஒரு குளுக்கோஸ் உள்ளே வரச் செலவு மூன்றில் இரண்டு ஏடிபி. அதே குளுக்கோஸை முழுக்க எரித்தால் 30 ஏடிபி பக்கம் கிடைக்கும். லாபமான வியாபாரம்.

2 சோடியம் என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. சோடியச் சரிவு பத்து மடங்கு என்று வையுங்கள். 1 சோடியம் என்றால் குளுக்கோஸைப் பத்து மடங்கு செறிவுக்கு ஏற்றலாம். 2 என்றால் பத்துப் பத்து நூறு மடங்கு.

சவ்வுக்காரன்
ஜூன் 12, காலை 6.50

நேற்று இரவு போட்ட கணக்கு அரைகுறை. மின்னழுத்தத்தை மறந்துவிட்டேன். செல்லின் உட்பக்கம் சுமார் 50 மில்லிவோல்ட் எதிர்மின்னில் இருக்கிறது, சோடியமோ நேர்மின். 37 டிகிரியில் 26.7 மில்லிவோல்ட்டுக்கு ஒரு 'ஈ' மடங்கு (ஈ என்பது 2.718), ஆக 50-க்கு 6.5 மடங்கு. 10 × 6.5 = 65. இது 1 சோடியத்துக்கு. 2 சோடியத்துக்கு 65 × 65, ஏறத்தாழ 4,200 மடங்கு. நூறு அல்ல.

பிளஸ்டூ பயாலஜி
ஜூன் 12, மாலை 5.40

அப்போ இதுவும் சரியில்லையே சார்? 140 ரத்தத்தில்தானே. ஓஆர்எஸ்ஸில் சோடியம் 75. 75-ஐ 12-ஆல் வகுத்தால் 6.25. அதை 6.5-ஆல் பெருக்கினால் 40.6. அதன் வர்க்கம் 1,650 பக்கம் வருது.

சவ்வுக்காரன்
ஜூன் 12, இரவு 7.02

சரி. வாபஸ். 1,650. இதுவும் உச்சவரம்புதான், குளுக்கோஸ் மறுபக்கம் வழிந்துகொண்டே இருப்பதால் செல் அந்த அளவுக்கு நிரம்பாது. ஆனால் குடற்பாதையில் கடைசிச் சொட்டுக் குளுக்கோஸையும் விடாமல் வழித்தெடுக்க இந்த விசை போதும்.

மருந்துக்கடை மூலை
ஜூன் 12, இரவு 9.48

மடங்குக் கணக்கு நடக்கட்டும். கவுண்டர்ல உயிரை வாங்குற கணக்கு வேற. பொட்டலம் ரெண்டு சைஸ்ல வருது: 1 லிட்டருக்கு ஒண்ணு, 200 மில்லிக்கு ஒண்ணு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர்ல கொட்டிக் கலக்கிக் கொடுத்திடறாங்க. லிட்டருக்கு 245 மி.ஆஸ்மோல் (கரைஞ்ச துகள் எல்லாம் சேர்ந்த அளவு) இருக்க வேண்டியது 1,225 ஆயிடும், சோடியம் 75-க்குப் பதில் 375. ரத்தமே 290 பக்கம்தான். 1,225 உள்ள போனா தண்ணி ரத்தத்திலிருந்து குடலுக்குத் திரும்பும், பேதி கூடும், குழந்தைக்கு சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். "கொஞ்சம் ஸ்ட்ராங்கா கொடுத்தோம்"னு சொல்றது இதைத்தான்.

எதிர்த்தப்பும் உண்டு. பெரிய பொட்டலத்தைப் பிரிச்சுக் கால் கால் பாகமா போடறது. தூள் ஒரே சீரா கலந்திருக்காது, ஒரு பாகத்துல உப்பு தூக்கலா விழும். பிரிச்சா முழுசா 1 லிட்டர்ல கரைங்க, 24 மணி நேரத்துல மீந்ததைக் கொட்டுங்க. தண்ணியை முன்னாடியே காய்ச்சி ஆற வைங்க, கலந்த பிறகு கொதிக்க வைக்காதீங்க.

சவ்வுக்காரன்
ஜூன் 13, காலை 7.15

பொட்டலத்தின் உள்விவரம் இங்கே இருக்கட்டும், பின்னால் வேண்டியிருக்கும். 2002 முதல் உள்ள உலக சுகாதார நிறுவன அளவு: சாதா உப்பு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. கரைத்தால் மி.மோலில் சோடியம் 75, குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. கூட்டினால் 245. பழைய கலவையில் உப்பு 3.5, குளுக்கோஸ் 20 கிராம், மொத்தம் 311. ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்திருந்தால் தண்ணீர் இன்னும் சுலபமாகப் போகிறது. பேதியின் அளவும் வாந்தியும் குறைவதாகப் பரிசோதனைகளில் தெரிந்த பிறகு மாற்றினார்கள்.

சொந்தமாக நிறுத்துக் கலக்குபவர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: குளுக்கோஸ் மோனோஹைட்ரேட் (நீர் மூலக்கூறு ஒட்டியது) என்றால் 13.5 போதாது, 14.85 வேண்டும்.

பிளஸ்டூ பயாலஜி
ஜூன் 13, இரவு 8.20

2 சோடியத்துக்கு 1 குளுக்கோஸ்னு சொன்னீங்க. பொட்டலத்தில் 75-க்கு 75. பாதி குளுக்கோஸ் வீண்தானே?

சவ்வுக்காரன்
ஜூன் 14, காலை 6.30

நல்ல கேள்வி. வீண் இல்லை. குடலில் இருக்கும் சோடியம் குடித்தது மட்டும் அல்ல. பேதியில் செல்களுக்கு இடையிலுள்ள சந்து வழியாக ரத்தத்திலிருந்தும் சோடியம் குடலுக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது, அதையும் திரும்பக் கொண்டுவரக் குளுக்கோஸ் வேண்டும். குளுக்கோஸ் முதலில் தீர்ந்துவிட்டால் மீதிச் சோடியம் அனாதை. அதனால் குளுக்கோஸ் சோடியத்துக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், ஆனால் 111 மி.மோலைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டினால் உறிஞ்சி முடிக்கும் முன்பே சர்க்கரை தண்ணீரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடும். புட்டியில் வரும் குளிர்பானத்தில் நடப்பது இதுதான். சர்க்கரை ஏகத்துக்கு, சோடியம் பேருக்கு.

வடிகஞ்சி
ஜூன் 14, காலை 10.11

சர்க்கரை ஏன்னு புரிஞ்சது. ஆனா எஸ்ஜிஎல்டி1 மட்டும் எப்படித் தப்பிச்சுது? கிருமி என்ன, அதுக்கு மட்டும் சலுகை கொடுத்துச்சா?

சவ்வுக்காரன்
ஜூன் 14, இரவு 10.40

சலுகை இல்லை. காலரா நச்சு கதவுகளைத் தேடிப் போய்ப் பூட்டுவதில்லை, மணியடிக்கும் இடத்தைக் கெடுக்கிறது. அந்த மணியைக் கேட்டு நடக்கும் கதவெல்லாம் கெடுகிறது. எஸ்ஜிஎல்டி1 அதற்குக் காது கொடுப்பதில்லை. இது கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நச்சுப் புரதத்தில் 5 'பி' துண்டுகள் வளையமாக, நடுவில் 1 'ஏ' துண்டு. வளையம் குடற்செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஜிஎம்1 என்ற சர்க்கரைக் கொழுப்பைப் பற்றிக்கொள்ளும். செல் வழக்கம்போலச் சவ்வை உள்மடித்துப் பைகளாக எடுத்துக்கொள்ளும்போது நச்சும் உள்ளே போகும். அதன் பிறகுதான் வேடிக்கை. செல்லில் புரதம் செய்து அனுப்பும் பாதை எண்டோபிளாச வலை, கோல்கை, வெளிச்சவ்வு என்று போகும். நச்சு அதே பாதையில் எதிர்த்திசையில் பயணம் செய்கிறது. 'ஏ' துண்டின் வாலில் நான்கு அமினோ அமிலம் கொண்ட ஒரு முகவரி இருக்கிறது. 'இது எண்டோபிளாச வலையின் சொந்தப் புரதம், வழிதவறி வந்துவிட்டது, திருப்பி அனுப்பு' என்று செல் அதைப் படிக்கும்.

வலைக்குள் போனதும் 'ஏ1' பகுதி பிரிந்து, கோணலாக மடிந்த புரதம் போல நடிக்கும். கெட்ட புரதங்களைச் சைட்டோபிளாசத்துக்கு வெளியேற்றி அழிக்கும் ஏற்பாடு அதையும் வெளியே தள்ளும். அழிக்க வேண்டுமானால் லைசின் அமினோ அமிலங்களில் யுபிக்விடின் முத்திரை குத்த வேண்டும். 'ஏ1'-இல் லைசின் மிகக் குறைவு, முத்திரை சரியாக விழாது. தப்பித்துவிடும்.

இப்போது அது ஜிஎஸ் புரதத்தின் ஆல்ஃபா துண்டில் ஏடிபி-ரைபோஸை ஒட்டுகிறது. (இந்த ஏடிபி டைபாஸ்பேட், பம்பு செலவழிக்கும் டிரைபாஸ்பேட் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், குழம்ப வேண்டாம்.) ஜிஎஸ் என்பது தானே அணையும் சுவிட்ச்: ஜிடிபியை உடைத்து ஜிடிபியாக்கி அணைய வேண்டும். ஒட்டிய பிறகு அணையாது. அது இயக்கும் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதி ஓடிக்கொண்டே இருக்கும், சைக்ளிக் ஏஎம்பி என்ற சேதி மூலக்கூறு (நான் சொன்ன மணி) குவியும், அது புரதக் கைனேஸ் 'ஏ' என்ற நொதியை எழுப்பும். கைனேஸ் செய்வது இரண்டு: சிஎஃப்டிஆர் குளோரைடு கால்வாயைத் திறக்கும், என்ஹெச்ஈ3-ஐ முடக்கும். குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, அதன் மின்சுமையைத் தேடிச் சோடியம் செல்களுக்கு இடையில் வருகிறது, தண்ணீர் இரண்டுக்கும் பின்னால். கடுமையான காலராவில் மணிக்கு 1 லிட்டர் வரை போவது இப்படித்தான்.

சவ்வுக்காரன்
ஜூன் 14, இரவு 10.58

மேலே "ஜிடிபியை உடைத்து ஜிடிபியாக்கி" என்று நானே உளறியிருக்கிறேன். ஏடிபிக்கு எச்சரிக்கை கொடுத்த கையோடு. குவானோசின் டிரைபாஸ்பேட்டை டைபாஸ்பேட்டாக உடைத்து அணையும் என்று படிக்கவும்.

மருந்துக்கடை மூலை
ஜூன் 15, காலை 8.05

இதிலிருந்து ஒரு விஷயம் பிடிபடுது. ஆன்டிபயாடிக் போட்டும் உடனே நிக்கலையேன்னு கேக்கறாங்க. மருந்து கிருமியைக் கொல்லும், ஒட்டிப்போன சுவிட்சை அவிழ்க்காது, சரியா?

சவ்வுக்காரன்
ஜூன் 15, காலை 8.40

சரி. அந்தச் செல் உதிர்ந்து புதுச் செல் வர வேண்டும். சிறுகுடல் உறை 3 முதல் 5 நாளில் தன்னையே மாற்றிக்கொள்ளும். ஆன்டிபயாடிக் புதிதாக நச்சு வருவதை நிறுத்தி நாட்களைக் குறைக்கும், அவ்வளவே. இடைப்பட்ட நாட்களைத் தாண்ட வைப்பது ஓஆர்எஸ். அது பேதியை நிறுத்துவதில்லை, போகிற தண்ணீருக்கு ஈடு கட்டுகிறது. "குடிச்சும் போயிட்டே இருக்கே" என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

வடிகஞ்சி
ஜூன் 15, பகல் 1.30

சரி, பொட்டலம் இல்லாத ஊர்ல? இளநீர் போதாதா? இயற்கை ஓஆர்எஸ்னு ஊரே சொல்லுது.

மருந்துக்கடை மூலை
ஜூன் 15, இரவு 9.15

ஊர் சொல்லட்டும். இளநீர்ல பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம். ஓஆர்எஸ் அதுக்குத் தலைகீழ். தாகத்துக்குக் குடிங்க, லேசான பேதில கூடச் சேத்துக்குங்க, ஆனா பொட்டலத்துக்குப் பதில் ஆகாது. சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்களுக்கு அந்தப் பொட்டாசியமே வினை.

அட்டை டப்பாவில் வர்ற இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ்னு நெனச்சு வாங்கினது ஒரு காலம். உலக சுகாதார நிறுவன அளவு இல்லாத பானத்துக்கு அந்தப் பெயரைப் போடக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபர்ல உத்தரவு போட்டுச்சு. பெயரைப் பாக்காதீங்க, பின்பக்கம் சோடியம் எவ்வளவுன்னு பாருங்க.

வீட்டுக் கலவை: 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணி, 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் தூள் உப்பு. கல் உப்பு வேண்டாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல காத்து, ஸ்பூன் அளவு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடை காட்டும். கலந்ததும் நாக்குல வெச்சுப் பாருங்க, கண்ணீரைவிடக் கரிச்சா கொட்டிட்டு மறுபடி கலக்குங்க.

சவ்வுக்காரன்
ஜூன் 16, காலை 7.00

இதையும் மோலில் போட்டுப் பார்க்கலாம். 6 டீஸ்பூன் 27 கிராம் என்று வைத்தால் சுக்ரோஸ் 79 மி.மோல். சுக்ரோஸ் அப்படியே உள்ளே போகாது, நுண்விரலிகளில் இருக்கும் சுக்ரேஸ் அதை ஒரு குளுக்கோஸ், ஒரு ஃபிரக்டோஸாக வெட்ட வேண்டும். குளுக்கோஸ் 79 சோடியத்தோடு போகும். ஃபிரக்டோஸ் குளூட்5 வழியாகத் தனியாகப் போகும், சோடியத்துக்கு உதவாது. சமையல் சர்க்கரை இரட்டிப்பாகத் தேவைப்படுவது இதனால்தான். உப்பு 2.6 கிராம் என்றால் சோடியம் 44.5. வெட்டிய பிறகு மொத்தம் 158 + 89 = 247. பொட்டலத்தின் 245-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆனால் சோடியம் குறைவு, பொட்டாசியமும் சிட்ரேட்டும் கிடையாது. பொட்டலம் கிடைக்கும்வரை ஓட்டலாம்.

வடிகஞ்சிக்கு: உங்கள் பெயரிலேயே விடை இருக்கிறது. கஞ்சியில் இருப்பது மாவுச்சத்து. நூற்றுக்கணக்கான குளுக்கோஸ் கோத்த சங்கிலி சவ்வூடுபரவல் கணக்கில் ஒரே மூலக்கூறு, தண்ணீரைப் பிடித்து வைக்காது. அமைலேஸும் நுண்விரலி நொதிகளும் அதை அவிழ்க்க அவிழ்க்க எஸ்ஜிஎல்டி1 எடுத்துக்கொள்ளும். குளுக்கோஸுக்குப் பதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவைக் காய்ச்சி, மற்ற உப்புகளை அப்படியே சேர்த்த ஓஆர்எஸ் காலராவில் பேதியின் அளவையே குறைக்கிறது. வடித்த கஞ்சியில் எவ்வளவு மாவு என்று சொல்ல முடியாது என்பதுதான் குறை. டம்ளரைச் சாய்த்தால் ஓடும் அளவுக்குக் கஞ்சி நீர்த்திருக்க வேண்டும்.

வடிகஞ்சி
ஜூன் 16, காலை 7.22

பேரை மாத்தாம இருந்தது நல்லதாப் போச்சு. என் முதல் வாதம் வாபஸ். ஆனா சுகர் கேள்வி பாக்கி.

மருந்துக்கடை மூலை
ஜூன் 16, இரவு 10.02

1 லிட்டர்ல 13.5 கிராம், கிட்டத்தட்ட 3 டீஸ்பூன். நாள் முழுக்கப் பிரிச்சுக் குடிக்கிறது. நீர் வத்திப்போற ஆபத்து அதைவிடப் பெரிசு. ஓஆர்எஸ் கொடுங்க, சுகரை அடிக்கடி பாருங்க. ஜீரோ கலோரி இனிப்பு போட்டா எஸ்ஜிஎல்டி1 ஏமாறாது.

முக்கியமானது இது: 'க்ளிஃப்ளோசின்'னு முடியற சுகர் மாத்திரை எடுக்கிறவங்க வாந்தி பேதி வந்த அன்னிக்கே டாக்டரைக் கேளுங்க. பொதுவா நிறுத்தி வைக்கச் சொல்வாங்க. சிறுநீர்ல தண்ணி கூடப் போகும், சுகர் ஏறாமலேயே ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் ஏறும்.

சவ்வுக்காரன்
ஜூன் 17, காலை 6.45

அந்த மாத்திரைகள் ஓஆர்எஸ்ஸைத் தடுக்குமா என்று அடுத்த கேள்வி வரும். அவை குறிவைப்பது சிறுநீரகத்தில் உள்ள எஸ்ஜிஎல்டி2-ஐ, அது 1 சோடியத்துக்கு 1 குளுக்கோஸ். டாபாக்ளிஃப்ளோசின் குடலின் எஸ்ஜிஎல்டி1-ஐ ஏறக்குறைய தொடாது. சோட்டாக்ளிஃப்ளோசின் இரண்டையும் தடுக்கும், அதன் பக்கவிளைவுகளில் பேதியும் உண்டு என்பதில் ஆச்சரியமில்லை.

எஸ்ஜிஎல்டி1 பிறவியிலேயே பழுதான குழந்தைகளும் அபூர்வமாக உண்டு. தாய்ப்பால் லாக்டோஸ் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடையும், இரண்டுக்கும் இதே கடத்தி. பிறந்த சில நாளிலேயே கடும் பேதி. அங்கே ஓஆர்எஸ் கொடுத்தால் கூடும், ஃபிரக்டோஸ் தாங்கும். ரோட்டா வைரஸ் வேறு கதை: அது குடலுறிஞ்சிச் செல்களையே சிதைப்பதால் கடத்தி எண்ணிக்கை குறையும். ஆனாலும் பெரும்பாலும் மிச்சமிருப்பதே போதும்.

பிளஸ்டூ பயாலஜி
ஜூன் 17, இரவு 9.30

இதை யார் சார் கண்டுபிடிச்சது?

சவ்வுக்காரன்
ஜூன் 18, காலை 7.10

ஒருவர் இல்லை. நச்சு இருப்பதை 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே முயல் குடலில் காட்டினார். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து போகின்றன என்று 1960-இல் பிராகில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் சொன்னார். 1968-இல் டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் காஷும் காலரா நோயாளிகளுக்கு வாய்வழிக் கரைசல் கொடுத்துக் காட்டினார்கள். 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் வந்த பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்தபோது திலீப் மஹலநாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு கலந்து டிரம்மில் வைத்துக் கொடுத்தார். 30 சதவீதம் பக்கம் இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது.

முதல் பதிவில் "தண்ணீர் பின்னாலேயே போகிறது" என்று சுலபமாக எழுதிவிட்டேன். எஸ்ஜிஎல்டி1 ஒவ்வொரு புரளலிலும் 260 தண்ணீர் மூலக்கூறுகளைத் தானே சுமந்து போகிறது என்று 1996-இல் ஒரு கட்சி கிளம்பியது. இல்லை, எல்லாம் கடத்திக்குப் பக்கத்தில் நடக்கும் சவ்வூடுபரவல்தான் என்று எதிர்க்கட்சி. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது, ஆனால் வழக்கு முடியவில்லை.

மருந்துக்கடை மூலை
ஜூன் 18, இரவு 8.55

அளவு யாரும் கேக்கல, நானே போடறேன். ஒவ்வொரு பேதிக்கும் பிறகு: 2 வயசுக்குள்ள 50 முதல் 100 மில்லி, 2-லிருந்து 10 வரை 100 முதல் 200, அதுக்கு மேல எவ்வளவு குடிக்க முடியுமோ. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனா. கண் குழி விழுந்து, கிள்ளின தோல் மெதுவா இறங்கி, குழந்தை துவண்டு குடிக்க மாட்டேங்குதுன்னா வாய்வழியா நேரம் கடத்தாதீங்க, ஆஸ்பத்திரி.

மருந்துக்கடை மூலை
ஜூன் 18, இரவு 9.01

வீட்டுக் கலவையில ஒரு வார்த்தை விட்டுப்போச்சு: ஸ்பூன் ரெண்டுமே தலைதட்டி அளந்தது. உப்பைக் குவிச்சு எடுத்தா சவ்வுக்காரன் போட்ட 44.5 எல்லாம் காலி.